நேராக்கிய கண் மறுபடி விலகுவது ஏன்?

வெளிமாறுகண்ணுக்கு அறுவை செய்து நேராக்கிய கண், சில மாதங்கள் கழித்தோ சில ஆண்டுகள் கழித்தோ மறுபடி காதுப் பக்கம் ஒதுங்கத் தொடங்கலாம். முதலில் அது சாயங்காலங்களில் கண்ணில் படும். குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போதும், தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போதும், எதையோ நினைத்தபடி வெறித்துப் பார்க்கும்போதும் ஒரு கண் மட்டும் நழுவிப் போகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று இடத்துக்குத் திரும்பிவிடும். கல்யாண வீட்டில் எடுத்த புகைப்படத்தில் விலகல் அப்படியே பதிந்திருக்கும். அறுவையில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்றுதான் பெற்றோர் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் தவறு எதுவும் நடந்திருக்காது. வெளிமாறுகண் இயல்பிலேயே திரும்பி வரக்கூடிய கோளாறு. அதன் காரணம் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் தொடங்கி மூளை வரை செல்கிறது.

மண்டையோட்டில் இரண்டு கண்குழிகளின் உட்சுவர்களும் ஏறத்தாழ இணையாக ஓடுகின்றன. வெளிச்சுவர்கள் அப்படியல்ல, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 90 பாகை விரிந்து நிற்கின்றன. இதனால் ஒவ்வொரு குழியின் நடு அச்சும் நேர்முன் திசையிலிருந்து சுமார் 22 பாகை வெளியே சாய்ந்திருக்கிறது. எலும்பின் போக்கில் விட்டால் கண்கள் விரிந்துதான் நிற்கும். ஆழ்ந்த மயக்க மருந்தில் இருப்பவரின் இமையைத் திறந்து பார்த்தால், மாறுகண் இல்லாதவருக்கும் கண்கள் சற்று வெளிப்பக்கம் போயிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் அவை நேராக நிற்பதற்கு, மூளை ஓயாமல் அனுப்பும் கட்டளையே காரணம்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றில் நான்கு நேர்தசைகள், இரண்டு சாய்தசைகள். வெளிமாறுகண்ணில் முக்கியமானவை இரண்டு. உள் நேர்தசை கண்ணை மூக்கை நோக்கி இழுக்கிறது. வெளி நேர்தசை காதை நோக்கி இழுக்கிறது. உள் நேர்தசை கருவிழி விளிம்பிலிருந்து 5.5 மில்லிமீட்டர் தள்ளியும், வெளி நேர்தசை சுமார் 7 மில்லிமீட்டர் தள்ளியும் கண்ணின் வெள்ளைப் படலத்தில் ஒட்டியிருக்கின்றன. இரண்டின் இழுப்பையும் சமன்படுத்துவது ஒருங்கிணைவு என்னும் திறன். இரண்டு கண்களிலிருந்தும் வரும் இரண்டு படங்களை மூளை ஒன்றாக்குகிறது. அவை கொஞ்சம் பிரிந்தாலும் தசைகளுக்கு உத்தரவிட்டுக் கண்களை இடத்துக்குக் கொண்டுவருகிறது. இந்தத் திறன் தளரும் நேரத்தில் மட்டும் கண் வெளியே போனால் அது விட்டுவிட்டு வரும் வெளிமாறுகண். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் வகை இதுதான். மேற்கு நாடுகளில் கண் மூக்குப் பக்கம் திரும்பும் உள்மாறுகண் அதிகம் என்றால், ஆசியாவில் பல இடங்களில் வெளிமாறுகண்ணே அதிகம்.

விட்டுவிட்டு வரும் வகை தூரப் பார்வையில்தான் முதலில் வெளிப்படும். கைக்கெட்டும் தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கிக் குவிந்தாக வேண்டும் என்பதால் விலகல் அடங்கியிருக்கும். தொலைவைப் பார்க்கும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. கூசும் வெளிச்சத்திலும் அப்படியே. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. மரமோ மறைப்போ இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரும், அதன்மேல் தகதகக்கும் வெயிலும்தான். படகில் உட்கார்ந்து தூரத்து வலைக்கம்புகளைப் பார்க்கிற சிறுவன் ஒரு கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர்கள் வெயில் தாங்காமல் மூடுகிறான் என்றே நினைப்பார்கள். வெயில் கூசினால் இரண்டு கண்களும் சுருங்கும். ஒவ்வொரு முறையும் ஒரே கண்ணை முழுதாக மூடினால், அது விட்டுவிட்டு வரும் வெளிமாறுகண்ணின் அறிகுறியாக இருக்கலாம். கண் விலகுவது யார் கண்ணிலும் படுவதற்கு முன்பே இந்தப் பழக்கம் தொடங்கியிருப்பதுண்டு. அறுவைக்குப் பிறகு நின்றுபோன பழக்கம் திரும்பி வந்தால், விலகலும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

குழந்தை தானாக வந்து குறை சொல்லாததற்கும் காரணம் உண்டு. பெரியவருக்குக் கண் திடீரென்று விலகினால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அவர் அலறியடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவார். குழந்தையின் மூளை வளைந்துகொடுக்கக்கூடியது. விலகிய கண்ணிலிருந்து வரும் படத்தை அது அடக்கிவிடும். இரட்டைப் பார்வை தெரியாது, வலி இருக்காது, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறோம் என்ற உணர்வும் வராது. நம் ஊர்களில் இதோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. மாறுகண் அதிர்ஷ்டம், அதைத் தொடக்கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான் என்றாலும், அதை நம்பிக் காத்திருக்கும் ஆண்டுகளில் மூளை தன் அடக்கும் பழக்கத்தை உறுதியாக்கிக்கொள்கிறது. பின்னால் அறுவை செய்தாலும் அந்தக் கண்ணை மற்றதோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் பசை குறைவாகவே இருக்கும்.

விலகலைப் பிரிசம் கொண்டு அளக்கிறார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் விலக்கும் பிரிசத்தின் வலிமை ஒரு பிரிசம் டயாப்டர். கண்ணை மாற்றி மாற்றி மறைத்து, எந்த வலிமையுள்ள பிரிசத்தை வைத்தால் கண் நகராமல் நிற்கிறதோ அதுவே விலகலின் அளவு. விட்டுவிட்டு வரும் வகையில் இந்த எண் மட்டும் போதாது. கண் ஒரு நாளில் எவ்வளவு நேரம் விலகியிருக்கிறது, விலகினால் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது, ஆழத்தை உணரும் முப்பரிமாணப் பார்வை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பவைதான் அறுவை வேண்டுமா என்பதை முடிவு செய்கின்றன. அமெரிக்காவில் 3 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளைச் சிகிச்சையே தராமல் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குள் நிலை மோசமானவர்கள் சுமார் 15 விழுக்காட்டினர் மட்டுமே. எனவே கண் விலகுகிறது என்ற ஒரே காரணத்துக்காக உடனே கத்தியை எடுப்பதில்லை.

அறுவையில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டு கண்களிலும் வெளி நேர்தசையைக் கழற்றிப் பின்னால் தள்ளித் தைப்பது ஒன்று. ஒரே கண்ணில் வெளி நேர்தசையைப் பின்தள்ளி, உள் நேர்தசையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து இறுக்குவது மற்றொன்று. பரவலாகப் பயன்படும் அளவுப் பட்டியலின்படி 25 டயாப்டர் விலகலுக்கு இரு கண்ணிலும் 6 மில்லிமீட்டர், 30க்கு 7, 40க்கு 8 மில்லிமீட்டர் பின்தள்ளுகிறார்கள். வெண்படலத்தின் மேலுள்ள மெல்லிய தோலை விலக்கி, சிறு கொக்கியால் தசையைத் தூக்கி, அதன் நுனியில் இரண்டு முனையிலும் ஊசியுள்ள நூலைக் கோத்த பிறகே தசையை வெட்டுகிறார்கள். அளவுகோலால் குறித்த இடத்தில் ஊசி நுழைகிறது. நேர்தசை ஒட்டியிருந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் வெண்படலத்தின் தடிமன் 0.3 மில்லிமீட்டர்தான். ஊசி அதில் பாதி ஆழம் மட்டுமே போய் வெளியேற வேண்டும். கூடினால் கண் துளைபடும், குறைந்தால் தையல் நிற்காது. நூல் தானே கரையும் வகை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அதன் வலிமை போய்விடும், இரண்டு மாதம் சொச்சத்தில் நூலே இருக்காது. அதற்குப் பின் தசையைப் பிடித்திருப்பது உடம்பு உண்டாக்கிய தழும்பு மட்டுமே.

மாறுகண் அறுவையின் தொடக்கத்திலும் கண் பின்னால் வெளியே நகரும் இதே சிக்கல் தலைகாட்டியது. பெர்லினில் யோகான் ஃப்ரீட்ரிக் டீஃபன்பாக் 1839 அக்டோபரில் ஏழு வயதுச் சிறுவனுக்கு உள்மாறுகண் நீங்க உள் நேர்தசையை வெட்டிவிட்டார். செய்தி ஐரோப்பா முழுவதும் பரவி, பலரும் அதைப் பின்பற்றினார்கள். வெட்டிய தசையைத் திரும்பத் தைக்காமல் விட்ட அந்த முறையில், உள்ளே திரும்பியிருந்த கண் காலப்போக்கில் வெளியே போன நோயாளிகள் ஏராளம். சிறுவயதில் உள்மாறுகண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்கு நடுவயதில் வெளிமாறுகண் வருவதை இன்றும் காணலாம்.

இனி, கண் திரும்ப விலகுவதன் காரணங்கள். முதலாவது அளவு. பட்டியலில் உள்ள மில்லிமீட்டர்கள் பலருக்கும் சேர்த்துக் கண்ட சராசரி. ஒரே 6 மில்லிமீட்டர் ஒரு குழந்தையில் 25 டயாப்டரைச் சரிசெய்யும், வேறொரு குழந்தையில் 18ஐத்தான் சரிசெய்யும். தூரப் பார்வையில் ஒளிந்திருக்கும் விலகலைத் தவறவிட்டாலும் அளவு குறைந்துபோகும். இதைத் தவிர்க்க ஒரு கண்ணை அரைமணி முதல் ஒரு மணி நேரம் கட்டிவைத்து, மூளையின் பிடியைத் தளரவிட்டு அளக்கிறார்கள்.

இரண்டாவது, தழும்பு. அமெரிக்கக் கண் மருத்துவர் ஐரீன் லட்விக் 1999இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். தசைக்கும் வெண்படலத்துக்கும் இடையில் உண்டாகும் தழும்பு, சிலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டுவிடுகிறது. இறுக்கித் தைத்த உள் நேர்தசையின் தழும்பு நீண்டால் இழுப்பு தளர்ந்து கண் வெளியே போகும். அறுவை நடந்த அன்று எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். தளர்ச்சி பின்னால் வந்து சேர்வது. அப்படிப்பட்டவர்களுக்கு மறு அறுவையில் கரையாத நூலைப் பயன்படுத்துவது உண்டு.

மூன்றாவது தசையின் தகவமைப்பு. தசை எந்த நீளத்தில் வெகுநாள் வைக்கப்பட்டிருக்கிறதோ அந்த நீளத்துக்கேற்பத் தன் உள்ளமைப்பு அலகுகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். கண் நாள்தோறும் சில மணி நேரம் வெளியே நின்றால் வெளி நேர்தசை அந்தக் குறைந்த நீளத்துக்குப் பழகி, விலகலை நிலைப்படுத்தும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது நான்காவது: ஒருங்கிணைவின் வலிமை. அறுவை தசையின் இடத்தை மாற்றுகிறது. மூளை பழைய மூளையாகவே இருக்கிறது. நேராக்கிய முதல் வாரங்களில் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் வாய்ப்பு கிடைக்கிறது. அதை மூளை பற்றிக்கொண்டால் முப்பரிமாணப் பார்வை மீண்டு, தையலும் தழும்பும் செய்ய முடியாத வேலையை அது செய்யும். பற்றிக்கொள்ளாவிட்டால், எலும்பு வகுத்த திசையை நோக்கிக் கண் மெதுவாக நகரும். ஒரு கண்ணில் பார்வை மங்கிய குழந்தைக்கு, மூளை புறக்கணித்ததால் பார்வை குன்றிய சோம்பேறிக் கண் உள்ளவருக்கு, ஏறக்குறைய பார்வையே போன கண்ணுக்கு இந்த நகர்வைத் தடுக்க ஆளில்லை. தூண்டில் முள் குத்தியோ, கருவிழிப் புண் ஆறித் தழும்பாகியோ, கண்புரையைக் கவனிக்காமல் விட்டோ பார்வை இழந்த கண், பெரியவர்களிடம் பெரும்பாலும் வெளிப்பக்கமே ஒதுங்கும். அதை நேராக்குவது தோற்றத்துக்காக. கல்யாணமும் வேலையும் முகத்தைப் பார்த்து முடிவாகும் ஊரில் அதை அற்ப காரணம் என்று யாரும் ஒதுக்கக் கூடாது. ஆனால் சில ஆண்டுகளில் கண் மறுபடி நகரலாம் என்பதை அறுவைக்கு முன்பே அவரிடம் சொல்லியாக வேண்டும்.

கண் வெளியே நகரும் என்று தெரிந்திருப்பதால், பல மருத்துவர்கள் வேண்டுமென்றே கண்ணைக் கொஞ்சம் உள்ளே திருப்பித் தைக்கிறார்கள். அறுவை முடிந்த சில நாட்களில் 4 முதல் 10 டயாப்டர் வரை உள்விலகல் இருந்தால் நல்லது என்பது பலரின் அனுபவம். அந்த நாட்களில் குழந்தைக்கு இரட்டையாகத் தெரியும். குழந்தை படியில் தடுக்கும், சோற்றில் கைவைக்கத் தடுமாறும், வீட்டார் பதறுவார்கள். வழக்கமாக சில வாரங்களில் அது மறையும். மிகச் சிறிய குழந்தைகளில் இந்த உத்திக்கு வேறொரு ஆபத்து உண்டு. உள்விலகல் நிலைத்துவிட்டால், மிஞ்சியிருந்த முப்பரிமாணப் பார்வையும் போய், சோம்பேறிக் கண் உண்டாகலாம். அதனால்தான் சிலர் அறுவையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

கண் திரும்ப விலகுவது எத்தனை பேருக்கு நேர்கிறது? அமெரிக்காவின் குழந்தைக் கண் நோய் ஆய்வுக்குழு இரண்டு அறுவை முறைகளையும் ஒப்பிட்டு 2019இல் முடிவு வெளியிட்டது. 3 முதல் 10 வயது வரையிலான 197 குழந்தைகள் அதில் இருந்தார்கள். மூன்று ஆண்டுகளில், இரு கண்ணிலும் வெளி நேர்தசையைப் பின்தள்ளியவர்களில் 46 விழுக்காட்டினருக்கும், ஒரே கண்ணில் பின்தள்ளி இறுக்கியவர்களில் 37 விழுக்காட்டினருக்கும் பலன் திருப்தியாக இல்லை. புள்ளியியல் கணக்குப்படி இரண்டு முறைகளுக்கும் உறுதியான வேறுபாடு இல்லை. இந்த எண்களைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. ஆய்வின் அளவுகோல் மிகக் கண்டிப்பானது. 10 டயாப்டரோ அதற்கு மேலோ விலகல் ஒருமுறை பதிவானாலும் அது திருப்தியற்ற பலன் என்றே எண்ணப்பட்டது. அதே மூன்று ஆண்டுகளில் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் 10 விழுக்காடும் 5 விழுக்காடும்தான். விலகல் திரும்பிய குழந்தைகளில் பலர் முன்னைவிடக் குறைந்த அளவிலும், குறைந்த நேரத்துக்கும்தான் விலகினார்கள்.

தொடர் பரிசோதனை சிகிச்சையின் பாதி என்று சொன்னால் மிகையாகாது. அது எளிதாக நடப்பதில்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். பொன்னேரியிலோ, சென்னைப் பக்கம் அதற்கு அடுத்த நிலையமான அனுப்பம்பட்டிலோ புறநகர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1819இல் சென்னைக் கண் சிகிச்சை நிலையமாகத் தொடங்கியது அது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. 1819இலிருந்து இன்று வரை மீனவர்களும் உழவர்களும் பணம் இல்லாத கைகளோடு வந்து சேரும் இடம். ஒரு நாள் போய்வந்தால் அந்த நாளின் இறால் போச்சு, கூலி போச்சு. குழந்தையின் கண் நேராக இருக்கிறதே, எதற்கு அலைவது என்று வீட்டார் நினைப்பதில் தவறில்லை. ஆனால் நேராக இருக்கும் கண்ணுக்குத்தான் ஆறாவது வாரத்திலும், ஆறாவது மாதத்திலும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் அளவு எடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை, சாயங்காலத்தில், குழந்தை தூரத்தில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செல்பேசியில் முகத்தைப் படம் எடுத்துவைத்தால், விலகல் எப்போது தொடங்கியது என்பதை மருத்துவருக்குக் காட்டலாம்.

விலகல் திரும்பினால் முதலில் கண்ணாடி. கிட்டப்பார்வை உள்ள குழந்தைக்குச் சரியான கண்ணாடி போட்டாலே தூரத்துப் படம் தெளிந்து, மூளையின் பிடி வலுக்கும். தேவைக்கு மேல் மைனஸ் பவர் கொடுத்துக் கண்களைக் குவிய வைக்கும் முறையை முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வுக்குழு சோதித்து 2021இல் முடிவு சொன்னது. கண்ணாடி போட்டிருந்த ஓராண்டில் விலகல் அடங்கியது. கண்ணாடியைக் கழற்றிய பின் அந்த நன்மை நிலைக்கவில்லை, கிட்டப்பார்வையும் சற்றுக் கூடியது. நல்ல கண்ணை நாளில் சில மணி நேரம் கட்டிவைப்பது அடக்கும் பழக்கத்தைத் தளர்த்தச் சிலருக்கு உதவுகிறது. சிறு விலகல்களுக்கு வெளி நேர்தசையில் போட்டுலினம் ஊசி போட்டு, அதைச் சில மாதம் தளர்த்துவதும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காகவே உருவாக்கிய மருந்து அது. அமெரிக்கா 1989இல் அதற்கு ஒப்புதல் தந்தது. முகச் சுருக்கம் நீக்கும் ஊசியாக உலகம் அதை அறிந்தது அதற்குப் பிறகுதான்.

மறு அறுவை என்று வந்தால், விலகல் ஒரே அளவில் நிற்கும் வரை பொதுவாகச் சில மாதம் பொறுக்கிறார்கள். முதலில் வெளி நேர்தசைகளைத் தொட்டிருந்தால் இம்முறை உள் நேர்தசைகளை இறுக்குவார்கள். ஒரு கண்ணில் மட்டும் செய்திருந்தால் மற்றக் கண்ணுக்குப் போவார்கள். தொடாத தசையில் தழும்பு இல்லை என்பதால் அளவு கணிக்க அது எளிது. தையல் நழுவிய தசையைத் தேட வேண்டியிருந்தால் வேலை கடினம். தழும்புக்குள் அது எவ்வளவு பின்னால் போய் ஒளிந்திருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும்.

பெரியவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பின்தள்ளிய வெளி நேர்தசையை இறுதி முடிச்சுப் போடாமல், நகர்த்தக்கூடிய சுருக்கில் விட்டுவைக்கிறார்கள். மயக்கம் தெளிந்த பின், சில இடங்களில் மறுநாள் காலையில், சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, அவரை உட்காரவைத்துத் தூரத்து விளக்கைப் பார்க்கச் சொல்கிறார்கள். கண் வெளியே நின்றால் நூலைச் சற்றுத் தளர்த்தி தசையைப் பின்னால் விடுவார்கள். அளவு மிஞ்சியிருந்தால் இழுத்து முன்னால் கொண்டுவருவார்கள். இரண்டு விளக்காகத் தெரிவது ஒன்றாகும் வரை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று நகர்த்துகிறார்கள். ஒன்றாகத் தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகும் நல்ல ஒருங்கிணைவு உள்ளவருக்குக் கண்ணைக் கொஞ்சம் உள்ளே திருப்பித்தான் முடிச்சை இறுக்குகிறார்கள். வரப்போகும் மாதங்களில் கண் வெளியே நகர்வதற்கு விட்டுவைக்கும் இடம் அது.